இருபத்தொன்பதாவது கேள்வி

வேல்பாண்டியோடு எனக்குப் பழக்கம் ஆரம்பித்ததே சண்டையில்தான். சண்டை என்றால், நான் மட்டும் போட்டது. அவர் போடவில்லை.

ஐந்து வருடங்களுக்கு முன்பு இந்த ஊருக்கு வாடகைக்குக் குடிவந்தேன். காரைக்குடியில் ஒரு கல்லூரியில் எம்.பி.ஏ. மாணவர்களுக்கு மேலாண்மைப் பாடம் நடத்துகிறவன் நான். டவுனில் இருந்த வீட்டுக்குப் பின்னால் கல்யாண மண்டபம், முன்னால் லாரி ஒர்க் ஷாப். போதுமடா சாமி என்று கொத்தமங்கலம் போகிற சாலையில் உள்ள இந்தச் சிற்றூருக்கு ஜாகை மாற்றினேன். அமைதி நிறையவே இருந்தது. முதல் நாள் காலையில் குழாயில் தண்ணீர்தான் இல்லை. ஆறே கால் வரைக்கும் பொறுத்துப் பார்த்துவிட்டு, தலையில் தேய்த்த எண்ணெயோடு குடிநீர்த் தொட்டியை நோக்கி நடந்தேன்.

தொட்டிக்குக் கீழே ஒரு குழியின் விளிம்பில், அரைக்கால் டவுசரும் பனியனுமாக ஒருவர் குந்தியிருந்தார். கையில் ஆளுயரத்துக்கு ஓர் இரும்புச் சாவி, மேல்முனையில் குறுக்குக் கம்பி. அதைக் குழிக்குள் விட்டு மெதுவாகத் திருகிக்கொண்டிருந்தார். ஒரு சுற்று திருகுவார், நிறுத்துவார், காதைச் சாய்த்துக் கேட்பார், மறுபடி ஒரு சுற்று. என் கோபத்துக்கு அந்த வேகம் ஒத்துவரவில்லை. ஊரில் வரி வாங்குகிறார்கள், தண்ணீர் விடத் தெரியவில்லை என்று எனக்குத் தெரிந்த தமிழையெல்லாம் கொட்டினேன்.

"இருங்க சார். காத்து வெளிய போகட்டும்" என்றார், நிமிராமல்.

"என்ன காத்து?"

"பைப்புக்குள்ள ராத்திரியெல்லாம் காத்து அடைஞ்சு கெடக்கும். ஒரேயடியாத் தொறந்தா வெடிச்சுரும். நீங்க வீட்டுக்குப் போறதுக்குள்ள வந்துரும், போங்க."

வீட்டுக்குப் போனேன். வாசலில் கால் வைக்கும்போதே குழாய் இருமிக்கொண்டிருந்தது, பிறகு தண்ணீர் வந்தது. எனக்கு இன்னும் கொஞ்சம் கோபப்பட வேண்டும்போல் இருந்தது, ஆனால் காரணம் கிடைக்கவில்லை.

அதன் பிறகு காலை நடை என்ற பெயரில் நான் அந்தப் பக்கம் போவது வழக்கமாயிற்று. வேல்பாண்டிக்கு அப்போது நாற்பத்தேழு வயது. விவசாயக் குடும்பம். நிலம் அண்ணன் தம்பிகளுக்குள் பிரிந்து இவர் பங்குக்கு வந்தது ஒரு வேலமர நிழலில் முடிந்துவிடும் அளவு. அதனால் ஊராட்சியில் தொட்டி இயக்குபவராகச் சேர்ந்தார். ஐந்து மணிக்கு மோட்டார். ஐந்தரைக்கு வடக்குத் தெரு, ஒன்பது சுற்று. ஆறரைக்குக் கீழத் தெரு, ஏழு சுற்று, அங்கே என் வீடு. அதற்கு மேல் திறந்தால் தெருக்கோடியில் உள்ள வீடுகளுக்கு ஏறாது என்று எந்த எந்திரமும் அவருக்குச் சொல்லவில்லை. அந்த வீடுகளின் குடத்தை எட்டிப்பார்த்துத் தெரிந்துகொண்டது. ஒன்றாம் தேதியும் பதினைந்தாம் தேதியும் தொட்டிக்குள் இறங்கிக் கழுவுவார், பிளீச்சிங் பவுடர் போடுவார், கழுவிய தேதியைச் சுவரில் பெயின்டால் எழுதுவார். அந்தத் தேதியை நிமிர்ந்து படித்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

இதிலெல்லாம் எனக்கு வியப்பில்லை. ஒழுங்காக வேலை செய்கிறவர்கள் உலகத்தில் அங்கங்கே இருக்கத்தான் செய்கிறார்கள். வியப்பு மேலத் தெருவைப் பற்றியது. அந்தத் தெரு முழுக்க நகரத்தார் வீடுகள். இருபத்திரண்டு வீடுகளில் மூன்றில்தான் ஆள் இருக்கிறது. மற்றவை பூட்டிக்கிடக்கின்றன, சொந்தக்காரர்கள் சென்னையிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள். அந்த மூன்று வீட்டுக்கும் தனிக் கிணறு உண்டு. அப்படியும் செவ்வாயும் வெள்ளியும் அந்தத் தெருவுக்கு வால்வைத் திறந்து, கடைசிக் குழாயில் துருச் சிவப்பு இல்லாமல் தண்ணீர் தெளிவாக வருகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டு மூடுவார்.

"யாருக்காக இது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வந்தாகன்னா வேணும்ல?"

"எப்ப வருவாங்க?"

"அது அவுகளுக்குத்தான் தெரியும்" என்று சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வேலையில் பற்று, வேலையில் ஈடுபாடு என்று நான் பதினெட்டு வருடங்களாக வகுப்பில் இரண்டு தலைப்பு நடத்துகிறேன். பற்று என்பது விட்டுப் போகாமல் இருப்பது, ஈடுபாடு என்பது இருக்கிற நேரத்தில் முழுசாக இருப்பது. இரண்டும் உள்ளவனுக்கு வாழ்க்கையில் திருப்தி தானாக வரும் என்பது பாடம். பாடக்குறிப்பு நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் எழுதியது. தாள் மஞ்சளாகிவிட்டது, நான் இன்னும் மாற்றவில்லை. எனக்குப் பற்று உண்டு, ஓய்வு பெறுகிற வரைக்கும் அந்தக் கல்லூரியை விட்டுப் போகிற உத்தேசம் இல்லை. ஈடுபாட்டைப் பற்றி என்னிடம் யாரும் கேட்டதில்லை.

வேல்பாண்டியின் ஒரே மகள் சத்தியப்பிரியா எங்கள் கல்லூரியிலேயே எம்.பி.ஏ. சேர்ந்தாள். இரண்டாம் வருடம் ஆய்வு வழிகாட்டியாக என் பெயர் விழுந்தது. தலைப்பு எடுக்க வந்தபோது, என்னிடம் கைவசம் இருந்த தலைப்புகளை நீட்டினேன். அவள் அதைத் தொடவில்லை.

"வேலை ஈடுபாடும் வாழ்க்கைத் திருப்தியும். இதைத்தான் எடுக்கப்போறேன் சார்."

"பழைய தலைப்பாச்சே அம்மா."

"எனக்குப் புதுசு சார். எங்க அப்பாவுக்காகத்தான்."

பிறகு அவளே சொன்னாள். ஆறு வயதில் அவளுக்கு டைபாய்டு வந்து காரைக்குடி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அப்பா வந்தது மூன்றாம் நாள் சாயங்காலம். மோட்டார் எரிந்துபோன வாரம் அது. சடங்குக்குப் பந்தலில் பத்து நிமிடம் நின்றார், நனைந்த டவுசரோடு. தேவகோட்டைப் பள்ளிக்கூடத்தில் அவள் கணக்கில் முதல் பரிசு வாங்கிய மேடைக்கு அம்மாதான் ஏறினாள். ஒவ்வொரு முறையும் அம்மா அம்மாக்கண்ணு வாசலில் நின்று அப்பாவிடம் ஒரே வார்த்தையைத்தான் சொல்வாளாம்: "நாங்க பாத்துக்கிருவோம், நீங்க போங்க."

"அவருக்கு அந்த வேலை அவ்வளவு பிடிச்சிருக்கு. சரி, இருக்கட்டும். அதுல அவர் சந்தோஷமாவாவது இருக்காரான்னு எனக்குத் தெரிஞ்சாகணும் சார். இருந்தார்னா நான் எல்லாத்தையும் விட்டுருவேன். இல்லன்னா, இத்தனை வருஷம் நாங்க எதுக்கு அவரு இல்லாம இருந்தோம்?"

ஆய்வுத் தலைப்புக்கு இவ்வளவு நேர்மையான காரணத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. ஆய்வில் சொந்த விவகாரம் கலக்கக் கூடாது என்று வழக்கமான எச்சரிக்கையைச் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள், கேட்கவில்லை.

படிவம் தயாரித்தாள். வேலையைப் பற்றி இருபத்து நான்கு வாக்கியங்கள், வாழ்க்கையைப் பற்றி ஐந்து. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண். ஒன்று என்றால் இல்லவே இல்லை, ஐந்து என்றால் முழுக்க உண்மை. கடைசி வாக்கியம் அவளாகச் சேர்த்தது. இருபத்தொன்பது: நான் இல்லாவிட்டால் என் வீட்டில் அந்தக் குறை தெரியும்.

"இது எந்த அளவுகோலிலும் இல்லையே" என்றேன்.

"இருக்கட்டும் சார்."

சோதனைக்காக முதல் படிவத்தை நானே நிரப்பினேன். வேலைப் பகுதி முழுக்க இரண்டும் மூன்றும். அதைக் கிழித்துக் குப்பையில் போட்டேன்.

கணக்குப்படி நூற்றிருபது படிவம் வேண்டும். பஸ் டிப்போ, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடங்கள் என்று அலைந்து நூற்றுப் பத்தொன்பது சேர்த்தாள். கடைசி ஒன்றை அப்பாவிடம் கொடுத்தாள். பெயர் எழுத வேண்டாம், வேலையை மட்டும் எழுதினால் போதும் என்று விதி. வேல்பாண்டி அதைத் தொட்டிக்கு எடுத்துக்கொண்டு போய் ஒரு நாள் முழுக்க வைத்திருந்து, மற்ற படிவங்களின் அடியில் செருகிவிட்டார். யாருடையது என்று தெரியாது என்பது அவர் நினைப்பு. நூற்றிருபது பேரில் தொட்டி இயக்குபவர் அவர் ஒருவர்தான்.

மறுநாள் சத்தியப்பிரியா ஆசிரியர் அறைக்கு வந்து அந்த ஒரு படிவத்தை மட்டும் என் மேஜையில் வைத்தாள். வேலையைப் பற்றிய இருபத்து நான்குக்கும் ஐந்து. வாழ்க்கையைப் பற்றிய முதல் நான்குக்கு மூன்று, மூன்று, மூன்று, மூன்று. இருபத்தொன்பதாவதுக்கு ஒன்று.

நான் ஆசிரியனாகவே பேசினேன். மற்றப் படிவங்களெல்லாம் பாடத்தில் உள்ளபடி வந்திருக்கின்றன, இது ஒன்று மட்டும் எதிர்த்திசையில் ஓடுகிறது, இப்படி ஒட்டாததை நீக்கிவிடலாம், ஆய்வில் அதற்கு அனுமதி உண்டு என்றேன். அவள் படிவத்தை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"சார், நீங்க சாயங்காலம் அங்குட்டு நடக்க வருவீங்கல்ல? இன்னைக்கு என்கூட வாங்க. நான் தனியாக் கேட்டா சண்டையாப் போயிரும்."

ஐந்து மணிக்குத் தொட்டியடிக்குப் போனோம். வேல்பாண்டி வால்வுக்கு கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தார். மகள் கையில் படிவத்தைப் பார்த்ததும் துணியில் கையைத் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அப்பா, இது என்ன ஒன்னு?"

"நெசத்த எழுதச் சொன்ன. எழுதுனேன்."

"நீங்க இல்லாட்டி வீட்ல கொறை தெரியாதா?"

"எங்க தெரிஞ்சுச்சு?" அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. இன்றைக்கு எந்தத் தெருவுக்குத் தண்ணீர் என்று சொல்கிற அதே குரல். "உனக்குக் காய்ச்சல் வந்துச்சு, உங்கம்மா பாத்தா. சடங்குக்கு உன் மாமன் பாத்தான். பள்ளிக்கொடத்துக்கு உங்கம்மா போனா. எல்லாம் நல்லாத்தான நடந்துச்சு? இங்க நான் ஒரு நா இல்லைன்னா ஒரு தெரு காஞ்சுபோகும் தாயி. வீட்ல நான் இல்லாமலே எல்லாம் ஆச்சு. அதத்தான் எழுதுனேன்."

சத்தியப்பிரியா படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். இத்தனை வருடங்களாக அம்மா பெருமையாகச் சொல்லி அனுப்பிய வார்த்தையை அவர் எப்படிக் கேட்டுக்கொண்டு போனார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்கும் உறைத்தது. பாடத்தில் இதற்கு ஒரு பத்தியும் கிடையாது.

"வர்ற வெள்ளிக்கெழம தட்டு நீங்கதான் மாத்தணும்" என்றாள்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அவளுக்குத் தேவகோட்டையில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். பையன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை, விடுமுறை முடிந்து அடுத்த வாரம் திரும்புகிறான். அதனால் மாசி மாதம் அந்த வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கு, கோவிலூர்க் கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில் நிச்சயம். நிச்சயத்தில் இரண்டு வீட்டாரும் வெற்றிலை பாக்குத் தட்டை மாற்றிக்கொள்ள வேண்டும். மாப்பிள்ளை வீட்டுத் தட்டில் வருகிற சேலையைப் பெண் கட்டிக்கொண்டு வந்து சபையில் உட்காருவாள். பெண் வீட்டுத் தட்டைப் பெண்ணின் தகப்பன் கொடுப்பதுதான் முறை. ஆனால் தாய்மாமன் பாண்டியராஜன் கொடுப்பதாக ஏற்பாடாகியிருந்தது. யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கவில்லை. அந்த வீட்டில் எல்லாம் அப்படித்தான் நடக்கும், இதுவும் அப்படியே முடிவாகிவிட்டது.

ஏனென்றால் அதே வெள்ளிக்கிழமை மேலத் தெருவில் படைப்பு. பங்காளிகளெல்லாம் ஒன்றுகூடி முன்னோருக்குப் படையல் போடுகிற நாள். பூட்டிக்கிடந்த அத்தனை வீடும் திறக்கும், இருநூறு முந்நூறு பேர் வந்து இறங்குவார்கள், சமையல் காலையிலேயே தொடங்கும். அந்த மூன்று கிணறும் அதற்குப் போதாது. ஏழு மணிக்குத் தெரு முழுக்கத் தண்ணீர் ஏற வேண்டும்.

"அன்னைக்குப் படைப்பு" என்றார் வேல்பாண்டி.

"தெரியும்."

"மச்சான் நல்லாச் செய்வாருல்ல?"

"நல்லாச் செய்வாரு. ஆனா அவரு தட்டு மாத்துனா அந்தச் சேலைய நான் தொட மாட்டேன். போட்ட சுடிதாரோட உக்காந்திருப்பேன். வர்றதும் வராததும் உங்க இஷ்டம்."

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். வேல்பாண்டி சாவியைப் பார்த்தார், மேலத் தெருப் பக்கம் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. கல்லூரியில் பேராசிரியர்களைத் தேர்தல் வேலைக்குக் கூப்பிடும்போது பார்க்கிற பார்வை அது.

"சார், வெள்ளிக்கெழம உங்களுக்கு எத்தன மணிக்குக் காலேஜு?"

அப்படித்தான் நான் சிக்கினேன். ஊராட்சிச் செயலர் அய்யப்பனிடம் சொன்னோம். அவர் என் கையை ஒரு முறை பார்த்தார், சுண்ணாம்புக்கட்டி மட்டுமே பிடித்துப் பழகிய கை. "சார் பொறுப்புன்னா சரி" என்றார். மூன்று நாள் காலையில் பயிற்சி. குழியருகில் குந்த எனக்கு மூட்டு ஒத்துழைக்கவில்லை, மண்டி போட்டேன். வடக்குத் தெரு ஒன்பது, கீழத் தெரு ஏழு, மேலத் தெரு பதினொன்று, எல்லாவற்றையும் நோட்டில் நேரத்தோடு எழுதிக்கொண்டேன். போகிற போக்கில் அவர் இன்னொன்றும் சொன்னார். மேலத் தெரு வால்வு மட்டும் பழையது, எடக்கு வால்வு, மற்றதற்கு மூடுகிற பக்கம் திருகினால்தான் இது திறக்கும். அதை எழுதவில்லை. எண்ணாக இருந்தால் எழுதியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை வடக்குத் தெருவையும் கீழத் தெருவையும் அவரே முடித்தார். ஆறே முக்காலுக்கு வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு மொபெட்டில் ஏறினார். வண்டியை உதைத்துவிட்டு மறுபடி இறங்கி வந்து, "மெதுவா, காத்து போகட்டும்" என்றார். பிறகு போனார். தெரு முக்கில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

மேலத் தெரு அதுவரை நான் பார்த்த தெருவாக இல்லை. வாசலெல்லாம் கார், முற்றங்களில் பேச்சு, எங்கோ நெய் காய்கிற வாசனை. ஏழு மணிக்குச் சாவியை வால்வில் மாட்டினேன். திருகினேன். அசையவில்லை. பலம் கொடுத்துத் திருகினேன். அசையவில்லை. கம்பியில் என் முழு எடையையும் போட்டுத் தொங்கினேன். அப்போது இந்த வருடப் படைப்புக்குப் பொறுப்பான தேனம்மை ஆச்சி வாசலில் இறங்கி வந்தார். சென்னையில் வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"வேல்பாண்டி எங்கே? நீங்க யாரு?"

"நான் கல்லூரிப் பேராசிரியர்."

ஆச்சி என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். "அப்ப தண்ணி வராதுன்னு சொல்லுங்க" என்றார்.

நியாயமான முடிவு. உள்ளே இருநூறு பேருக்கு அரிசி களைய வேண்டும். மணி ஏழே முக்கால். வேல்பாண்டிக்கு போன் செய்தேன். மணி அடித்தது, அவர் எடுக்கவில்லை. இரண்டாவது முறை செய்தேன். முழுசாக அடித்து ஓய்ந்தது. இருபது வருடத்தில் ஊர்க்காரர்கள் கூப்பிட்டு அந்த மனிதர் போனை எடுக்காமல் இருந்தது அதுவே முதல் தடவையாக இருக்கும், அதுவும் என் தலையிலா விடிய வேண்டும் என்று நொந்துகொண்டேன்.

துருப்பிடித்துப் போயிருக்கும் என்று முதலில் முடிவு கட்டினேன். பூட்டிக்கிடக்கிற தெரு, பழைய வால்வு. பிறகுதான் பொறி தட்டியது. செவ்வாயும் வெள்ளியும் திறக்கிற வால்வு எப்படித் துருப்பிடிக்கும்? அப்படியானால் கோளாறு வால்வில் இல்லை. எடக்கு வால்வு நினைவுக்கு வந்தது. மறுபக்கம் திருகினேன். வெண்ணெய் மாதிரி சுற்றியது. ஒரு சுற்று, நிறுத்து, காது கொடு. மண்ணுக்கடியில் காற்று ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவ்வளவு சந்தோஷமான சத்தத்தை நான் சமீபத்தில் கேட்டதில்லை. பதினொன்றை எண்ணி முடித்தபோது ஆச்சி வீட்டு முற்றத்துக் குழாய் இரண்டு முறை இருமிவிட்டுத் தண்ணீரை விட்டது. சிவப்பில்லை. முதல் சொட்டிலிருந்தே தெளிவு. பெண்கள் அண்டாவை வைத்தார்கள். தண்ணீர் ஏன் தெளிவாக வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. அதை நான் ஆச்சியிடம் சொல்லலாமா என்று யோசித்து, அவருக்கு வேலை இருந்ததால் விட்டுவிட்டேன்.

மண்டபத்தில் நடந்ததைச் சத்தியப்பிரியா பிறகு சொன்னாள். அப்பா ஏழு பத்துக்கு வந்தார். மடித்த வேட்டியை இறக்கவே மறந்துபோய்ச் சபைக்குள் நடந்து வந்தவரை அம்மா இழுத்துச் சரி செய்தாள். மாமா பாண்டியராஜன் தட்டோடு எழுந்தவர், அவரைப் பார்த்ததும் தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்து நின்றார். பெரியவர்கள் முறையெல்லாம் பேசி முடித்து, மாப்பிள்ளையின் அப்பா சின்னக்கருப்பன் எதிரில் கை நீட்டியபோது மணி ஏழே முக்கால். அப்போதுதான் சட்டைப் பையில் போன் அடித்தது. தட்டு இரண்டு கையிலும் இருந்தது. குனிந்து பார்த்தார், பையின் மெல்லிய துணி வழியே யார் என்று தெரிந்தது. நின்று, மறுபடி அடித்தது.

"எடுங்க சம்பந்தி, ஏதும் அவசரமா இருக்கப்போகுது" என்றார் சின்னக்கருப்பன்.

"அவசரந்தான். அங்க ஆளு இருக்கு" என்றார் வேல்பாண்டி. "இங்கதான் ஆளு இல்ல. நீங்க தட்டப் பிடிங்க."

அம்மாக்கண்ணு அந்த இடத்தில் அழுதுவிட்டாளாம். நல்ல காரியத்தில் என்ன அழுகை என்று பக்கத்தில் இருந்தவர்கள் அதட்டினார்கள். சத்தியப்பிரியா சேலை மாற்றப் போய், அறைக்குள் கொஞ்ச நேரம் கதவைச் சாத்திக்கொண்டு நின்றிருக்கிறாள். அவள் அழுதாளா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

பதினொரு மணிக்கு வேல்பாண்டி பட்டு வேட்டியோடு நேராகத் தொட்டிக்கு வந்தார். சுவரில் சாய்த்திருந்த சாவியை எடுத்துக் கம்பியைத் தடவினார். ஒரு பக்கம் லேசாக வளைந்திருந்தது.

"எடக்கு வால்வுல தொங்குனீகளா சார்?"

"கொஞ்சம்."

"தண்ணி எப்பிடி வந்துச்சு?"

"தெளிவா வந்துச்சு."

அவர் முகத்தில் ஒரு நிறைவு வந்தது. மறைக்க அவர் முயற்சி செய்யவில்லை. என் உள்ளங்கையில் கொப்புளம் கிளம்பியிருந்தது. அதை யாரிடமாவது காட்ட வேண்டும்போல் எனக்கு இருந்தது, அவரிடமே காட்டினேன். "மூணு நாள்ல காஞ்சுரும்" என்றார். அடுத்த வாரம் வகுப்பில் ஈடுபாடு பற்றிய குறிப்பை எடுத்தேன், முதல் பக்கத்தை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். இரண்டாம் பக்கம் பழையதே இருக்கிறது. ஒரு வால்வு திறந்ததில் ஆள் முழுக்க மாறிவிடுவான் என்று நான் சொல்ல வரவில்லை.

ஏப்ரலில் ஆய்வேட்டை ஒப்படைத்தாள். அப்பாவின் படிவத்தை நீக்கவில்லை. அந்த ஒன்றால் கணக்கு கொஞ்சம் கோணிக்கொண்டது. கோணலுக்கு விளக்கமாகத் தனியாக அரைப்பக்கம் எழுதியிருந்தாள், ஒருவர் வேலையில் முழுசாக இருப்பதற்கு வீட்டார் கொடுக்கிற இடமே அவருக்கு வீட்டில் இடமில்லாமல் செய்துவிடலாம் என்று. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அதை மட்டும் இரண்டு முறை படித்தார்.

ஒப்படைப்பதற்கு முதல் நாள் அவள் ஒரு வேலை செய்தாள். வெற்றுப் படிவம் ஒன்றை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனாள். நான் காலை நடையில் அங்கே இருந்தேன். வேலைப் பகுதியை மடித்து மறைத்து, இருபத்தொன்பதாவதை மட்டும் காட்டி, "இப்ப சொல்லுங்க" என்றாள். இதை ஆய்வில் சேர்க்க முடியாது என்று நான் சொன்னேன். அவள் என்னைத் திரும்பியே பார்க்கவில்லை.

வேல்பாண்டி பேனாவை வாங்கினார். ஐந்தின் மேல் ஒரு தடவை பேனா போய்விட்டுத் திரும்பியது. இரண்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

"ரெண்டுதானாப்பா?" என்றாள் அவள். குரல் இறங்கிவிட்டது.

அவர் மூடியை மாட்டிப் பேனாவை அவள் கையில் கொடுத்தார்.

"மெதுவா வரட்டும் தாயி. இருபது வருசமாக் காத்து அடைஞ்சு கெடக்கு. ஒரேயடியாத் தொறந்தா வெடிச்சுரும்."